செவ்வாய்க்கிழமை படுத்துக்கொண்ட டவர்

கச்சிராயபாளையத்திலிருந்து அணைக்குப் போகிற வழியில் நிற்கும் மாவு மில் நான் கட்டியது. அதன் மேல்மாடியும் நான் கட்டியதுதான். அஸ்திவாரம் தாங்காது, வேண்டாம் என்று சொன்ன இன்ஜினியர் ஊரைவிட்டே போய்விட்டார், மாடி இன்னும் இருக்கிறது. மலை ரோட்டில் பாதிக்கு மேல் வெறும் கல்லாகக் கிடந்த காலத்தில் வெள்ளிமலைக்கு ஜீப்பு ஓட்டியவன் நான். அங்கே போன் பூத்து வைத்தவன் நான். மலைச் சனங்கள் இறக்கிக்கொண்டுவரும் சாமையும் புளியும் கடுக்காயும் மழையில் நனையாமல் இருக்கத் தகரக் கொட்டகை போட்டவன் நான். அப்பா இல்லை, காணி நிலம் இல்லை, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. பேங்கில் வாசலில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பினார்கள். அப்படியிருந்தும் இத்தனையும் செய்தேன். கடைசியாக, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் மேட்டில் செல்போன் டவர் நிற்கிறதே, அதை நிறுத்தியவனும் நான்தான். கம்பெனி நிறுத்தியதாக அங்கே ஒரு போர்டு இருக்கிறது. போர்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த டவரைப் பற்றிப் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் டீக்கடையில் பேப்பர் படிப்பது என் பழக்கம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால், வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிப் போவதெல்லாம் என் கண்ணில் மாட்டும். விஞ்ஞானச் செய்தி என்று ஒரு பக்கம் வருகிறது. அதை மட்டும் விடவே மாட்டேன், வயிறு எரிந்தாலும் படிப்பேன். டிரைவர் இல்லாத கார் வந்துவிட்டதாம். வரட்டும். கச்சிராயபாளையத்தைத் தாண்டி ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் எதிரே புளிமூட்டை ஏற்றிய பஸ் வரும், அதற்கு முன்னால் ஒரு எருமை நிற்கும். அந்த மூன்று பேரில் யார் பின்னால் போவது என்பதை ஹாரனால் முடிவு செய்ய முடியாது, இறங்கிப் போய்ப் பேச வேண்டும். அந்தக் காரில் இறங்கிப் பேசுவதற்கு ஆள் யார்? இன்னொரு நாள், பால் தீர்ந்தால் தானே கடைக்குச் சொல்லிவிடும் பிரிட்ஜ். எங்கள் வீட்டில் பால் தீர்ந்தால் பூனையே சொல்லிவிடும்.

திட்டம் போடுகிறவர்கள் மேலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் எல்லாத் திட்டத்தையும் வைகிற ஆள் நான் இல்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் பஸ் விட்டபோது என் ஜீப்பில் பாதி சீட்டு காலியானது. அன்றைக்கு டீக்கடையே என் மூஞ்சியைப் பார்த்தது, இவன் இப்போது கத்தப்போகிறான் என்று. நான் கத்தவில்லை. கரும்பு வெட்டப் போகிற பெண்பிள்ளை கூலியில் எவ்வளவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள் என்பது வாங்கிப் போட்டுக்கொண்ட எனக்குத்தானே தெரியும். நல்லது என்றால் நல்லது என்று சொல்லிவிடுவேன். கையைக் காட்டினால் நிற்கிறது, ஏறினால் போகிறது. அது நன்றாக நடப்பதற்குக் காரணம் என்னவென்றால், அதில் ஏற ஆப் வேண்டியதில்லை.

மற்றதற்கெல்லாம் ஆப் வேண்டும், இல்லையென்றால் கைரேகை வேண்டும். கைரேகைக்கு மெஷின், மெஷினுக்கு சிக்னல். நான் சொன்ன அந்தச் சின்ன ஊரில் சிக்னல் கிடையாது. முன்பெல்லாம் ரேஷன் அரிசியை லாரியில் கொண்டுவந்து, அட்டையில் குறித்துவிட்டு அளந்து போட்டுவிட்டுப் போவார்கள். மெஷின் வந்ததும், சிக்னல் இருக்கிற இடத்துக்கு வா என்றார்கள். சனங்கள் வெள்ளிமலைக்கு நடந்துபோய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறி வந்தார்கள். நான் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கேட்டேன். சிக்னல் இல்லை என்ற புகாரை ஆப்பில் பதிவு பண்ணுங்கள் என்று ஒரு அதிகாரி சொன்னார். சிக்னல் இல்லாத ஊரிலிருந்து அதை எப்படிப் பதிவது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரி, டவரையே கொண்டுவந்துவிடலாம் என்று இறங்கினேன். ஊர் மூப்பரிடம் போய் உட்கார்ந்தேன். மூப்பர் என்றால் அந்த ஊருக்குத் தலைவர், அவர் வாய்ச்சொல்தான் அங்கே சட்டம். ஆடு மேய்க்கிற மேட்டை டவருக்கு விடுங்கள், டவர் வந்தால் மெஷின் வேலை செய்யும், அரிசி இங்கேயே கிடைக்கும், இது என் வாக்கு என்றேன். அவர் கம்பெனியை நம்பி மேட்டைக் கொடுக்கவில்லை, என் வாக்கை நம்பிக் கொடுத்தார். லாரி ஏறாத கடைசி ஏற்றத்தில் இரும்பை என் ஜீப்பில் ஏற்றினேன். ஜீப்பும் ஏறாத இடத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டித் தோளில் தூக்கவைத்தேன். கூடவே அந்த ஊருக்குத் தனியாக ஒரு பகுதிநேர ரேஷன் கடையும் வாங்கிக் கொடுத்தேன். வாரத்தில் ஒருநாள்தான் சேல்ஸ்மேன் வருவார், எந்த நாள் என்று கேட்டார்கள். யோசிக்காமல் சொன்னேன்: செவ்வாய்க்கிழமை. அந்த ஊரில் செவ்வாய்க்கிழமை மண்ணுக்கு ஓய்வு. ஏர் பூட்ட மாட்டார்கள், மண்வெட்டி எடுக்க மாட்டார்கள், கீழே கூலிக்குப் போனவர்களும் முந்தின சாயந்திரமே ஏறி வந்துவிடுவார்கள். மலையில் மற்ற ஊர்களில் எப்படியோ, இந்த ஊரில் அன்றைக்கு எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். படித்தவர்கள் யாருக்காவது இது தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியது.

முதல் செவ்வாய்க்கிழமை மெஷின் வேலை செய்யவில்லை. சேல்ஸ்மேன் மெஷினைத் தூக்கிக் காட்டினார், தட்டினார், வெயிலில் வைத்தார், நிழலில் வைத்தார். சிக்னல் இல்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான், மெட்ராஸ்காரன், இன்ஜினியர். அவன் வந்தது வியாழக்கிழமை. டவர் அருமையாக வேலை செய்தது. அவன் அங்கேயே நின்று யாருக்கோ வீடியோவில் மலையைக் காட்டிவிட்டுப் போனான்.

"டவர் ஹெல்த்தியா இருக்கு அங்கிள்," என்றான்.

"நான் உனக்கு அங்கிளும் இல்ல, டவருக்கு டாக்டரும் இல்ல. செவ்வாக்கெழம வாப்பா, வந்து பாரு."

"வர வேண்டியதே இல்லை அங்கிள். சென்னையிலேர்ந்தே ஏஐ அனலைஸ் பண்ணுது."

ஏஐ என்பது மனிதனைப்போல யோசிக்கிற கம்ப்யூட்டர் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். மனிதனைப்போல என்றால் எந்த மனிதனைப்போல என்று போடவில்லை.

இதற்குள் ஊரில் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. கரும்பு வெட்டப் போகிற ஒரு பெண், கீழே கூலிக்குப் போய் முந்தின சாயந்திரம் ஏறி வந்தவள், வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு எதிரே நின்று கேட்டாள்.

"இன்னா ஜீப்புக்காரரே, இந்த டவரு அரிசி குடுக்குமா, இல்ல காக்கா கூடு கட்டத்தான் நட்டீங்களா?"

"வரும்மா. கம்பெனிக்காரன் பாத்துக்கினுதான் இருக்கான்."

"பாத்துக்கினே இருக்கட்டும். எம் புள்ளைங்களுக்கு நான் சிக்னல வடிச்சிக் கொட்டறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஊர் சிரித்தது இந்த வயதில் அதுதான் முதல் முறை. இதைவிட மோசமான சேதி சேல்ஸ்மேன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது. கம்ப்யூட்டரில் அந்தக் கடையில் யாருமே அரிசி வாங்காததாகத்தான் ஏறிக்கொண்டிருந்ததாம். வாங்க ஆள் இல்லாத கடை எதற்கு என்று மேலே கேட்கிறார்களாம். இந்த மாதமும் இப்படியே போனால் கடையை எடுத்துவிடுவார்கள், சனங்கள் பழையபடி வெள்ளிமலைக்கே நடக்கவேண்டியதுதான். மூப்பரும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்: கடை போச்சுன்னா டவரையும் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லு, ஆடு மேயணும். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் உறைத்தது. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

ஆப்பில் எழுதவில்லை, போன் போடவில்லை. திங்கள் சாயந்திரம் ஏறிப்போய் ஊரில் தங்கினேன். செவ்வாய் விடிந்ததும் மேட்டில் போய் டவருக்குக் கீழே குந்திக்கொண்டேன். சூரியன் மேலே வந்தது. கையில் இருந்த போனில் சிக்னல் நன்றாக இருந்தது. டவர் வாட்ச்மேன் வந்தார். அந்த ஊர்க்காரர், நான் சொல்லித்தான் அவருக்கு அந்த வேலையே கிடைத்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது அவர் வேலை. செருப்பைக் கழற்றினார், தலைத்துண்டை அவிழ்த்தார், டவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். என் போனில் இருந்த கோடெல்லாம் போய்விட்டது.

"யோவ், இன்னா பண்ண?"

"நிறுத்திட்டேங்க."

"எதுக்கு?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "இன்னிக்குச் செவ்வாக்கெழமைங்களே."

"கம்பெனிக்காரன் வாரா வாரம் மண்டைய ஒடச்சிக்கினு இருக்கான். நீ சொல்றதுதானே?"

"யாரும் கேக்கலியேங்க. நிறுத்தனப்ப போனு வராது, சிக்னலு இல்ல. சாயங்காலம் போட்டதும் கூப்புடுவாங்க, டவரு நல்லா இருக்குதான்னு கேப்பாங்க. நல்லா இருக்குதுங்கன்னு சொல்லுவேன். நல்லாத்தானே இருக்குது?"

யாரும் எதையும் மறைக்கவில்லை. ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, அரிசி மெஷினோடு அதை யாரும் முடிச்சுப் போடவில்லை, அவ்வளவுதான். சென்னையில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த ஊரோடு பழகி முடி நரைத்த எனக்கும், ஏருக்கும் மண்வெட்டிக்கும் இருக்கிற வழக்கம் டவருக்கும் ஏறும் என்று தோன்றவில்லையே. எனக்கே தோன்றவில்லை என்றால் பிறகு யாருக்குத் தோன்றியிருக்கும்?

சாயந்திரம் டவர் எழுந்ததும் இன்ஜினியர் பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். வாட்ச்மேனை மாற்றிவிடுகிறோம், பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறோம் என்றான். பூட்டு போட்டால் மறுநாளே மேடு போச்சு, என் வாக்கும் போச்சு. நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் சாமை புடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"செவ்வாக்கெழம என் ஜீப்பு ஊருக்குள்ள வருது. அதுவும் இரும்புதானே? அத யாரும் நிறுத்தலியே?"

"உங்க ஜீப்பு மண்ணு மேல போவுது. வருது, போயிடுது. டவரு மண்ணுக்குள்ள கால நட்டுக்கினு நிக்குது."

"காலு சிமெண்டுலதான் நிக்குது. மூட்டய எறக்கனதே நான்தான்."

"சிமெண்டுக்குக் கீழ மண்ணு இருக்குது. குழி தோண்டசொல்ல நான் நின்னு பாத்தேன்."

"அப்ப கரண்டு கம்பம்? அதுவும் குழியிலதான் நிக்குது."

"அது கல்லு."

"உள்ளுக்குள்ள கம்பி இருக்குதுங்க."

"கண்ணுக்குத் தெரியலியே."

நான் பேச்சில் தோற்கிற ஆள் இல்லை. தாலுகா ஆபீஸில் தோற்றதில்லை. இவரிடம் முட்டிக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவும் இல்லை, பொறுமையாக விளக்கினார். "டவரு நிக்கட்டும், நிக்கறதுல தப்பு இல்ல. ஏருகூடக் கொட்டாயில நிக்கத்தான் செய்யுது. அன்னிக்கு வேல செய்யக்கூடாது, அவ்ளோதான். வாரத்துல ஒருநாளு அதுவும் படுக்கட்டுமே, கெட்டா போயிடும்?"

அப்போது வாசலில் ஒரு மாடு வந்து நின்றது. சாமிக்கு நேர்ந்துவிட்ட காளை. அந்த ஊரில் அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், ஏரில் பூட்ட மாட்டார்கள். மூப்பர் வீட்டுச் சாமையிலேயே வாயை வைத்தது. அவர் வீட்டு அம்மா முறத்தை மட்டும் நகர்த்திக்கொண்டார். எனக்கு மூளையில் பளிச்சென்றது. இதைத்தான் நான் எல்லாரும் கவனிக்கவேண்டும் என்கிறேன். அந்த நேரத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

"மூப்பரே, இந்த மாட்டுக்குச் செவ்வாக்கெழம உண்டா?"

"இதுக்கு ஏது? இது சாமி மாடு. எந்த நாளும் அது இஷ்டம்."

"அப்ப டவரயும் சாமிக்கு வுட்டுடுங்க."

முறம் புடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. மூப்பர் மாட்டைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "அப்படி வுட்டா அப்புறம் யாரும் அத சொந்தம் கொண்டாடக்கூடாது," என்றார். ஊரில் யார் கொண்டாடப்போகிறார்கள் என்றேன். "சாமியக் கேக்கணும்," என்று எழுந்தார்.

கோயிலில் பூ கேட்டார்கள். சாமி தலையில் பூ வைத்து, வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் என்றால் வேண்டாம். பூ விழுந்தால்தானே? மெஷினில் சுற்றிக்கொண்டே இருக்குமே ஒரு வட்டம், அதைப்போல இதுவும் ஆகிவிடுமோ என்று நினைத்தேன். வலது பக்கம் விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை சடங்கு. மஞ்சளும் குங்குமமும் தேங்காயும் மாலையும் என் செலவு. டவரின் நாலு காலுக்கும் மஞ்சள் பூசினார்கள், சாமைப் பொங்கல் வைத்தார்கள், மூப்பர் டவரைத் தட்டிக்கொடுத்து, இனிமேல் நீ சாமியுடையது, போ என்று சொன்னார். எங்கே போகும்? நின்றது. இன்ஜினியர் பையன் போனில் பதறினான்.

"அங்கிள், அது கம்பெனி சொத்து! சாமிக்கெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது!"

"யாருப்பா எழுதனது? வாயால வுட்டதுதான். ஒங்க இரும்பு அங்கியேதான் இருக்குது, எவனும் தூக்கிக்கினு போவல."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வாட்ச்மேன் டவரைக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைத் தொடாமல் வந்துவிட்டார். கடையில் ஊரே நின்றது. அந்தக் கரும்பு வெட்டுகிற பெண்தான் முதலில் கட்டைவிரலை வைத்தாள். மெஷின் யோசித்தது. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மெஷின் கூவியது, சீட்டு வெளியே வந்தது. அரிசியை அளந்து பையில் போட்டார்கள். அவள் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பரவால்ல ஜீப்புக்காரரே. காக்காவ வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

கடை நிலைத்தது. இன்னும் ஒன்று, கம்பெனிக்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய விஷயம். நேர்ந்துவிட்ட மாடு தப்பு செய்தால் யாரும் திட்டக்கூடாது அல்லவா? இப்போது அந்த ஊரில் சிக்னல் போனால் ஒருவரும் புகார் சொல்வதில்லை. அதுக்கு இஷ்டம் இல்லபோல என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் அவர்களுக்கு மெட்ராஸில் கிடைப்பானா?

இப்போது பேப்பருக்கு வருகிறேன். அந்த விஞ்ஞானப் பக்கத்தில், மலைக் கிராமத்தின் சிக்னல் கோளாறைச் செயற்கை நுண்ணறிவு தீர்த்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை கோளாறு வருவதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாம். பேட்டரி பலவீனம் என்று சொன்னதாம். பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டதாம். இன்ஜினியர் பையன் டவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. அவனுக்குப் பின்னால் டவர் காலில் மஞ்சள் தெரிகிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உடனே போன் போட்டேன்.

"ஏம்பா, பேட்டரி மாத்த நீங்க வந்தது புதன்கெழம. அதுக்கு மொத நாளே ஊரு அரிசி வாங்கிடுச்சே?"

"தெரியும் அங்கிள். ஆனா ஹெட் ஆபீஸ்ல போய் சாமி மாடுன்னு சொன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"அதுக்கு என்னைத் தூக்கிட்டியா?"

அவன் பாவம், பிழைக்கவேண்டிய பையன். அவனை விட்டுவிடுகிறேன். பேப்பர்காரர்களையும் கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருப்பவர்களையும் விடமாட்டேன். அந்த மேட்டை வாங்கிக் கொடுத்தது யார்? அங்கே போய்க் குந்தி என்ன நடக்கிறது என்று பார்த்தது யார்? சாமிக்கு விடச் சொன்னது யார்? புதன்கிழமை வந்த பேட்டரி செவ்வாய்க்கிழமை அரிசியை எப்படிக் கொடுக்கும் என்பதை உங்கள் கம்ப்யூட்டரையே கேட்டுப் பாருங்கள். பிறகு, அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், நடந்ததை நடந்தபடி போடுங்கள். பூ கேட்டது மூப்பர் என்று போடுங்கள். அவர் பேப்பர் படிப்பதில்லை, ஆனாலும் போடுங்கள். அதற்கு மேலே, வழி சொன்னது நான் என்று போடுங்கள். ஏஐக்கும் நன்றி சொல்லியே ஆகவேண்டும் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்குக் கீழே.